மோர்தானா அணையில வீட்டு மீனையும் ஆமையையும் விடலாமா?

கேள்வியை ஒரு தடவை சுருக்கி சொல்லிடறேன், பின்னாடி வந்து படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. காட்பாடியில இருந்து புனேவுக்கு மாத்தலாகிப் போறீங்க, நாலடி டேங்க்கை தூக்கிட்டுப் போக முடியாது. உள்ள ஒரு அடிக்கு மேல வளர்ந்துட்ட ரெண்டு சக்கர் மீன், கொஞ்சம் கோல்டு ஃபிஷ், எண்ண முடியாத அளவுக்கு கப்பி, கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடு இருக்கற ஒரு ஆமை, அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி குடியாத்தம் பக்கம் உங்க ஊர் ஏரியில பையன் ஆசைப்பட்டான்னு பிடிச்சிட்டு வந்த நாலு கெண்டை. மோர்தானால தண்ணி நல்லா நிக்குது, அங்க விட்டா பொழைச்சுக்குமா, உங்க அத்தை சொல்ற மாதிரி அது புண்ணியமா, இல்ல தப்பா. நீங்க எழுதினது "பொழைக்குமா"ன்னு. படிச்சா எனக்குத் தோணறது, மனசு உறுத்தாம இதுங்களை கை மாத்த ஒரு வழி தேடறீங்க. அதுக்கு வழி இருக்கு, கடைசியில சொல்றேன், ஆனா அது மோர்தானா இல்ல.

என்னைப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா நெட்ல யார் வேணா எது வேணா சொல்லலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவன், அதுக்கப்புறம் மீனுக்கு வர்ற நோய் பாக்கறதுதான் பொழைப்பு, இப்போ ராணிப்பேட்டை பக்கம் குளம் வெச்சு மீன் வளர்க்கறவங்களுக்கு ஆலோசனை சொல்லிட்டிருக்கேன், அலங்கார மீன் பண்ணைகளும் கடைகளும் நிறைய பாத்தாச்சு. மீன் விஷயத்துல நான் சொல்றதை நம்பலாம். ஆமை விஷயத்துல நான் படிச்சது அதிகம், கை வெச்சது கம்மி, அதை மனசுல வெச்சுக்கங்க.

முதல்ல பொழைக்குமாங்கறது. கோல்டு ஃபிஷ்ல பெரும்பாலானது பொழைக்காது. அதோட நிறமே அதுக்கு எமன், கலங்கின தண்ணியில கூட தனியாத் தெரியும், உருண்டை வயித்தை வெச்சுக்கிட்டு வேகமா நீந்தவும் வராது, கரையோரம் நிக்கற கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் இதைவிட லட்டு வேற கிடையாது. இன்னொண்ணு, உங்க டேங்க்ல வளர்ந்த மீனுக்கு மனுஷன் நிழல் விழுந்தா சாப்பாடு வருதுன்னு பழக்கம், அது நிழலைப் பாத்து ஓடாது, நிழலைப் பாத்து மேல வரும். அதுவும் போக தண்ணி மாறுற அதிர்ச்சி இருக்கு, வெப்பம், உப்பு, காரத்தன்மை எல்லாம் ஒரே நிமிஷத்துல மாறினா செவுள் தாங்காது, அன்னிக்கே சாகலைன்னாலும் ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை பிடிச்சு போகும். அதனால புண்ணியக் கணக்கு இதுல தேறாது, நீங்க அதை விடற இடத்துல அது நல்லா நீந்திப் போறதைப் பாத்துட்டு வண்டியேறிடுவீங்க, மிச்சத்தை நீங்க பாக்கப் போறதில்ல.

சரி எல்லாம் செத்துடும்னா அணைக்கு என்ன நஷ்டம், கொக்குக்கு ரெண்டு வேளை சாப்பாடுதானேன்னு கேக்கலாம். பிரச்சினை சாகறதுல இல்ல. சாகாம நிக்கற ஒண்ணு ரெண்டு இருக்கே அதுலயும், செத்தது கூட கூட்டிட்டு வந்ததுலயும்தான் இருக்கு.

சக்கர் மீனை எடுத்துக்கங்க. கடையில ரெண்டு இஞ்சுக்கு முப்பது நாப்பது ரூபாய்க்கு "டேங்க் கிளீனர்"னு குடுப்பாங்க, ஒண்ணரை அடி வரைக்கும் போகும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தென் அமெரிக்க ஆறுகள்ல இருந்து வந்தது, உடம்பு பூரா எலும்புத் தகடு, செதில் கிடையாது. தண்ணியில ஆக்சிஜன் கொறைஞ்சா மேல வந்து காத்தை முழுங்கி வயித்துலயே உறிஞ்சிக்கும், அதனால நம்ம சாக்கடை கலக்கற ஏரி கூட அதுக்கு வீடுதான். மோர்தானா மாதிரி நல்ல தண்ணின்னா கேக்கவே வேணாம். ஒரு ஏரியில, பேர் வேணாம், மீன் குத்தகைக்கு எடுத்தவர் வலை இழுக்கறப்ப நான் கூட இருந்தேன். வலையில ஜிலேபியும் ரோகுவும் வரவேண்டிய இடத்துல கறுப்பா நாலஞ்சு இது. இதோட முதுகு முள்ளையும் பக்கத்து முள்ளையும் விரிச்சு பூட்டிக்கும், வெளிய இழுக்க இழுக்க கண்ணி இன்னும் உள்ள போகும், உருவி எடுக்கவே முடியாது. அவர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பாத்துட்டு கத்தியை எடுத்து வலையையே அறுத்தார், அந்த வலை விலைக்கு முன்னாடி அன்னிக்குப் பிடிச்ச மீன் ஒண்ணுமே இல்ல. வெறுத்துப் போய் கரையில வீசிட்டாரு. மறுநாள் காலையில போய் பாத்தா பனியில நனைஞ்சு கிடந்த ஒண்ணு இன்னும் செவுள் மூடியை அசைச்சுக்கிட்டிருந்தது. தின்னவும் ஆள் இல்ல, வாங்கவும் ஆள் இல்ல.

அது கூட பரவாயில்ல, ஆண் மீன் முட்டை வைக்க கரையைக் குடையும். ஒரு முழத்துக்கு மேல உள்ள போற பொந்து, பக்கத்து பக்கத்துல. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல இதனால கால்வாய்க் கரை சரியறதை பதிவு பண்ணியிருக்காங்க. மெக்சிகோவுல இன்ஃபியெர்னிய்யோன்னு ஒரு அணை, ஜிலேபி மீன் பிடிக்கறதுக்கு பேர் போன இடம், அங்க ஒரு கட்டத்துல வலையில வர்றதுல பெரும்பகுதி இதுதான்ங்கற நிலைமை. நம்ம நாட்டுல கேரளா, ஆந்திரா, கொல்கத்தா பக்கம், நம்ம சென்னை சுத்துவட்டார ஏரிகள்லயும் இருக்கறது பதிவாகியிருக்கு. இது எதுவும் தானா நீந்தி வரல, கடல் தாண்டி யாரோ கண்ணாடித் தொட்டிக்கு வாங்கினதுதான். நம்ம ஊர் ஏரிக்கரை எல்லாமே மண்கரை, இதுல பொந்து போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஆனா ஒண்ணு நேர்மையா சொல்லணும், வட ஆற்காட்டுல இன்ன ஏரிக்கரை சக்கர் மீனால உடைஞ்சதுன்னு கைகாட்டற மாதிரி நான் எதையும் பாத்ததில்ல. பொந்து போடும்ங்கறது நிச்சயம், நம்ம கரைக்கு எவ்ளோ சேதம்ங்கறது என் ஊகம்.

இங்க நம்ம ஊர் அமைப்பையும் சேத்துப் பாக்கணும். நீங்க ஒரு அணையில விடறதா நினைக்கறீங்க. மோர்தானா நிரம்பி வழிஞ்சா கௌண்டன்யா ஆத்துல இறங்கி குடியாத்தம் வழியா வந்து பாலாத்துல சேரும், இந்தப் பக்கம் வலது கால்வாய் இடது கால்வாய்னு ஏரிகளுக்கும் போகும். ஒரு ஏரி கோடி போச்சுன்னா, அதாவது நிரம்பி வழிஞ்சா, அந்தத் தண்ணி அடுத்த ஏரிக்கு, அது கோடி போனா அதுக்கடுத்த ஏரிக்கு, இப்படித்தான் நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல கட்டி வெச்சிருக்காங்க. வருஷம் பூரா மணலா கிடக்கற பாலாறு 2021 நவம்பர்ல எப்படி ஓடிச்சுன்னு பாத்தீங்கல்ல, வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் வரைக்கும் தண்ணி நின்னுச்சு. அந்த மாதிரி ஒரு வெள்ளம் போதும், ஒரு இடத்துல இருந்தது கீழ இருக்கற அத்தனை இடத்துக்கும் போக. 2018 கேரள வெள்ளத்துல பண்ணையிலயும் தனியார் குளத்துலயும் வெச்சிருந்த அரபைமா, அலிகேட்டர் கார்ங்கற வெளிநாட்டு ராட்சத மீனுங்க தப்பிச்சு சாலக்குடி ஆத்துல மீனவர் வலையில வந்தது இப்படித்தான். அலிகேட்டர் கார் 2023-ல ஸ்ரீநகர் தால் ஏரியிலயே கிடைச்சுது, அங்க வெள்ளம் கூட வரல, யாரோ விட்டிருக்கணும்.

கப்பி சின்ன மீன்தானே, கொசுப்புழு திங்குமே, நகராட்சியே கிணத்துல மீன் விடறாங்களேன்னு அடுத்த கேள்வி வரும், எப்பவும் வரும். உண்மைதான். கப்பி 1900-களோட ஆரம்பத்துலயும் கம்பூசியாங்கற இன்னொரு சின்ன மீன் 1928-லயும் கொசுவுக்காகத்தான் இந்தியாவுக்கு வந்துச்சு, வெள்ளைக்காரன் காலத்து ஐடியா, இன்னும் ஓடிட்டிருக்கு. மூடின தொட்டியிலயும் புழங்காத கிணத்துலயும் விடறது வேற, ஓடற தண்ணியில விடறது வேற. கம்பூசியா உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியல்லயே இருக்கு, தவளைக் குஞ்சு, மத்த மீனோட முட்டை குஞ்சு எல்லாத்தையும் திங்கும். கப்பி அவ்ளோ மோசமில்ல, ஆனா பெண் கப்பி ஒரு தடவை இணைஞ்சா விந்தை மாசக்கணக்குல உள்ளயே சேமிச்சு வெச்சு திரும்பத் திரும்ப குட்டி போடும். "ஒண்ணே ஒண்ணுதான் விட்டேன்"ங்கறது அதனால கணக்குல சேராது. ஜிலேபியையே பாருங்களேன், 1952-ல சாப்பாட்டுக்காக கொண்டு வந்தது, இன்னிக்கு எந்த ஏரியில வலை போட்டாலும் அதுதான், நம்ம பசங்க அதை நம்ம ஊர் மீன்னே நெனைக்கறாங்க. வெங்காயத்தாமரையும் பூ அழகா இருக்குன்னு கொண்டு வந்ததுதான். அதனால உங்க டேங்க்ல இருக்கற செடியையும் நத்தையையும் மறந்துடாதீங்க, பாசி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கற துண்டு ஒண்ணு போதும்.

இப்போ என் தொழில் விஷயம், இதைத்தான் யாரும் கேக்கறதில்ல. மீனோட தண்ணியும் போகுது, தண்ணியோட நோயும் போகுது. கோல்டு ஃபிஷ்ஷை வெளிச்சத்துல வெச்சு செவுள் மூடிக்குப் பக்கத்துல உத்துப் பாருங்க, சில சமயம் பொட்டு அளவுக்கு கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தட்டு ஒட்டியிருக்கும், செதில்னே நெனைப்பீங்க. ஊசி முனையால லேசா தொட்டா நகரும். லென்ஸ்ல பாத்தா ரெண்டு கறுப்புக் கண்ணு, அடியில ரெண்டு உறிஞ்சி. இதுதான் மீன் பேன். பேனாவது கண்ணுக்குத் தெரியுது. வைரஸும் பாக்டீரியாவும் தெரியாது, அதுவும் நல்லா கொழுகொழுன்னு இருக்கற மீன்லதான் தெரியாது. கடையில கண்டபடி ஆன்டிபயாடிக் போட்டு வளர்க்கறதால அந்தத் தண்ணியில மருந்துக்கு அசையாத பாக்டீரியா இருக்கறதும் சகஜம். எனக்கு சீக்கான மீனைவிட சீக்கு வந்து தேறின மீன் மேலதான் பயம் அதிகம், ஏன்னா சிலது பொழைச்சாலும் ஆயுசுக்கும் கிருமியை சுமந்துக்கிட்டே இருக்கும். கோயிங்கற கலர் கெண்டைக்கு வர்ற கோயி ஹெர்பெஸ் வைரஸ்னு ஒண்ணு, 1998 வாக்குல இஸ்ரேல்லயும் அமெரிக்காவுலயும் வெடிச்சுது, கோயி மீன் வியாபாரத்தோடயே உலகம் சுத்துச்சு, 2003-ல ஜப்பான்ல கசுமிகௌரா ஏரியில வளர்த்த சாதா கெண்டை கூண்டோட செத்துச்சு. கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த நோய் வராது, ஆனா சுமக்கும்.

நம்ம ஊர் கதை இன்னும் கிட்ட இருக்கு. 1988-ல வங்கதேசப் பக்கமிருந்து நாட்டுக்குள்ள வந்துச்சு மீன் புண் நோய், தண்ணிப் பூஞ்சை மாதிரி ஒரு கிருமி, விராலுக்கும் கெண்டைக்கும் சதை அழுகி எலும்பு தெரியற அளவுக்கு புண்ணு. ரெண்டு மூணு வருஷத்துல தமிழ்நாட்டுக்கும் வந்துடுச்சு, வயசான மீன்காரங்களைக் கேளுங்க, மீனை வாங்கவே ஜனங்க பயந்த காலம் அது. கிருமி எதுன்னு இன்னிக்கு சந்தேகமே இல்ல. அது ஆசியா பூரா பரவினதுக்கு அலங்கார மீன் வியாபாரமும் ஒரு காரணமான்னா, அப்படி சந்தேகப்படறவங்க இருக்காங்க, 1970-களோட ஆரம்பத்துலயே ஜப்பான்ல கோல்டு ஃபிஷ்லயும் பாத்திருக்காங்க, ஆனா இந்தப் பொட்டியிலதான் வந்துச்சுன்னு நிரூபிச்ச மாதிரி சொல்ல முடியாது. வெள்ளமும் குஞ்சு மீன் ஏத்துமதி இறக்குமதியும் சேந்துதான் பண்ணியிருக்கும்னு என் கணிப்பு.

இதனாலதான் உங்க பட்டியல்ல எனக்குக் கஷ்டமா இருக்கறது அந்த நாலு கெண்டை. அது அந்த ஊர் ஏரிக்கே சொந்தம், எடுத்த இடத்துல திருப்பி விடறதுல என்ன தப்புன்னு யாருக்கும் தோணும், எனக்கும் ஆசைதான். ஆனா ரெண்டு வருஷமா அது தென் அமெரிக்க மீனோடயும் கடைத் தண்ணியோடயும் ஒரே தொட்டியில குடித்தனம் பண்ணியிருக்கு. அந்த ஏரியில இருக்கற அதோட சொந்தக்காரங்களுக்கு அந்தக் கிருமியெல்லாம் புதுசு. ரெண்டு வாரம் தனியா வெச்சுப் பாத்துட்டு விடறேன்னு சொல்லுவாங்க. தனியா வெச்சா சீக்கா இருக்கறது தெரியும், சுமக்கறது தெரியாது. அழிஞ்சு போற உயிரினத்தை வளர்த்து காட்டுல விடற விஞ்ஞானிங்க இருக்காங்களே, அவங்களுக்கு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு சங்கம் 2013-ல போட்ட வழிகாட்டி இருக்கு, அதுல நோய்ப் பரிசோதனை, எந்த இடத்து இனம்ங்கற அடையாளம், விட்டதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா கண்காணிப்பு எல்லாம் கேக்கறாங்க. வேற ஊர் பிராணியோட கலந்து வளர்ந்ததை அவங்களே தள்ளி வெச்சிடுவாங்க. அதே மாதிரி "இந்திய மீன்"னு ஒரு சமாதானமும் செல்லாது, மிஸ் கேரளா மீன் மேற்குத் தொடர்ச்சி மலையோட மேற்குச் சரிவு ஆறுகளுக்கு சொந்தம், பாலாத்துக்கு அது வெளியூர்தான்.

ஆமைக்கு வர்றேன். கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடுன்னா அது சிவப்புக் காது ஆமை, அமெரிக்காவுல மிசிசிப்பிப் பக்கத்துது, 20, 30 வருஷம் இருக்கும். இதுவும் அந்த 100 பட்டியல்ல இருக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 1997-லயே இறக்குமதியை நிறுத்திடுச்சு. வெயில் காயற இடத்துக்கும் தீனிக்கும் அங்க இருக்கற நாட்டு ஆமையை இது தள்ளிவிடுதுன்னு ஐரோப்பாவுல சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. நம்ம பாலாமை, காராமைக்கும் அதே கதி வருமான்னா வரலாம்ங்கறதுதான் என் பதில், ஆமை படிச்சவங்க யாராவது இருந்தா திருத்துங்க. சால்மோனெல்லா கிருமியை இது சுமக்கும்ங்கறது மட்டும் உறுதி, அமெரிக்காவுல 1975-லயே நாலு இஞ்சுக்குக் கீழ ஓடு இருக்கற ஆமையை விக்கத் தடை போட்டதே குழந்தைங்களுக்கு இது வந்ததாலதான், பையன் ஆமையைத் தொட்டா கை கழுவச் சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை, சிவப்புக் கோடு இல்லாம ஓடு தோல் மாதிரி வழவழன்னு, பின்னங்காலை மூட அடியில மடல் இருந்தா அது பாலாமை, வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, வீட்டுல வெச்சிருந்தாலே வழக்கு. அப்படின்னா நீங்களா எங்கயும் விடாதீங்க, வனத்துறை ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க. சட்டம் பத்தி இதுக்கு மேல நான் பேசக்கூடாது, 2022-ல திருத்தினப்போ வெளிநாட்டு ஆக்கிரமிப்பு உயிரினங்களைக் கட்டுப்படுத்தற அதிகாரம் மத்திய அரசுக்கு வந்திருக்கு, மிச்சத்தை அவங்ககிட்டயே கேளுங்க.

என்ன பண்ணலாம்னா, மாத்தலுக்கு முன்னாடி இருக்கற நாளை வீணாக்காம இன்னிக்கே ஆரம்பிங்க. கப்பி, கோல்டு ஃபிஷ்ஷை வேலூர்ல இருக்கற எந்த அலங்கார மீன் கடையும் சும்மா குடுத்தா வாங்கிக்கும், காசு எதிர்பாக்காதீங்க. சக்கர் மீனுக்கும் ஆமைக்கும் பெரிய தொட்டியோ வெளிய சிமென்ட் தொட்டியோ வெச்சிருக்கற ஆள்தான் வேணும், டேங்க்கையும் ஃபில்டரையும் சேத்து இலவசம்னு போட்டா சீக்கிரம் கிடைப்பாங்க. கெண்டை நாலையும் அதே டேங்க்கோட குடுத்துடுங்க. தயவு செஞ்சு கோயில் குளமும் கோட்டை அகழியும் யோசிக்காதீங்க, அதுவும் மழைக்கு வழியற தண்ணிதான். யாரும் கிடைக்காம மீன் ஏதாவது மிஞ்சிப் போச்சுன்னா, கேக்கக் கஷ்டமா இருக்கும், கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணியில நல்லா குலுக்கிக் கலந்து லிட்டருக்கு 0.4 மில்லி கணக்குல மீன் இருக்கற வாளியில ஊத்தினா மயங்கி அப்படியே போயிடும், செவுள் நின்னதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் எடுக்காம விட்டு, அப்புறம் புதைச்சிடுங்க. சக்கர் மீன் காத்து முழுங்கற மீன், அதுக்கு இன்னும் கூட நேரம் விடணும். கழிவறையில போட்டு ஃப்ளஷ் பண்றதோ ஐஸ்ல போடறதோ வேணாம். இந்த எண்ணெய் முறை ஆமைக்குக் கிடையாது, ஆமைக்கு கால்நடை மருத்துவர்தான்.

தண்ணியை சாக்கடையில விடாம மொட்டை மாடியிலயோ காஞ்ச மண்ணுலயோ கொட்டுங்க, செடியை வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்சு குப்பையில போடுங்க, சரளைக்கல்லை பிளீச்சிங் பவுடர் தண்ணியில ஒரு நாள் ஊற வெச்சுக் கழுவிட்டு யாருக்கு வேணா குடுக்கலாம். மீனைக் கொண்டு போற அன்னிக்கு முந்தின நாள் தீனி போடாதீங்க, பையில மூணுல ஒரு பங்கு தண்ணி போதும், மிச்சம் காத்து, சக்கர் மீனை மட்டும் பையில போடாம மூடி இருக்கற வாளியில எடுத்துட்டுப் போங்க, அந்த முள்ளுக்கு எந்தப் பையும் தாங்காது.